சொட்டு விழாத ஒழுகல்

பழைய காரில் கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. நிறுத்தும் இடத்தில் ஈரமில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை. டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேதான் நிற்கிறது. ஆனாலும் மேல்கோடு வரை ஊற்றியது, சில வாரங்களில் கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிடுகிறது.

எல்லோரும் முதலில் செய்வது, குறைந்ததை ஊற்றுவது. ஒரு பாட்டிலை டிக்கியில் போட்டுக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் ஊற்றி ஓட்டலாம். வருஷக்கணக்கில் அப்படியே ஓடும் வண்டிகள் உண்டு. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஊற்ற ஊற்ற, எவ்வளவு போகிறது என்ற கணக்கு மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத ஒழுகலுக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் சாட்சி. அதனால் கூலன்ட் டப்பாவின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டி, மட்டத்தையும் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வைத்தேன். காலையில், என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் பார்ப்பது. சூடாக இருக்கும்போது மட்டம் ஏறியே காட்டும்.

வண்டி மாருதி 800, கார்புரேட்டர் காலத்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். 1983 டிசம்பரில் முதல் கார் சாவி கைமாறியது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. இத்தனை சின்ன என்ஜினில் சுற்றுகிற திரவமும் கொஞ்சம்தான். ஒரு டம்ளர் குறைந்தாலும் அது பெரிய பங்கு.

*

இந்த ஊரின் உயரத்தைப் பற்றி அடிக்கடி யோசிக்கிறேன். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் இங்கே ஏறக்குறைய 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் 90 டிகிரியைத் தாண்டிய பிறகுதான் ரேடியேட்டர் விசிறியே சுற்றத் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல்.

அந்த இடைவெளியை அகலமாக்கித் தருவது ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அளவு அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கும் மூடியானால், வெறும் தண்ணீர்கூட 115 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. ஒழுகலால் போவது திரவம் மட்டுமல்ல என்பது இதனால்தான். ஊசிமுனை அளவு வழி இருந்தாலும் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் சில்க் போர்டு சந்திப்பில் முதல் கியரில் ஊர்கிற என்ஜினுக்குள் கொதிநிலை மீண்டும் 97-க்கு அருகே இறங்கிவிடும்.

ஆன்டிஃப்ரீஸ் எதற்கு, இங்கே பனியா உறைகிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 1884 ஜனவரியில் பதிவான 7.8 டிகிரிதான் இந்த ஊர் கண்ட கடுங்குளிர். உறையாமல் காப்பது இங்கே தேவையில்லை, உண்மைதான். ஆனால் அதே கூலன்ட்தான் கொதிநிலையை உயர்த்துகிறது; அதில் சேர்க்கப்பட்ட ரசாயனங்கள்தான் இரும்பும் அலுமினியமும் அரிக்காமல் காக்கின்றன. அதற்குப் பதிலாக மாடித் தொட்டியில் ஏறும் போர்வெல் தண்ணீரைப் பிடித்து ஊற்றினால், குளியலறைக் குழாயில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். காவிரித் தண்ணீர் பரவாயில்லை. டிஸ்டில்ட் வாட்டர்தான் சரி.

*

மூடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. பெரியது அழுத்தம் மிஞ்சும்போது திறந்து, கூலன்டை டப்பாவுக்குத் தள்ளும். சின்னது என்ஜின் ஆறும்போது திறந்து, டப்பாவிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்ளும். சின்னது கெட்டுப்போனால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. காலையில் மேல் ஹோஸ் சப்பிப்போய் ஒட்டிக் கிடந்தால் இந்த வால்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மூடியைத் திறந்து பார்ப்பதும் ஆறிய என்ஜினில்தான். சூட்டில் திறந்தால் அழுத்தம் சட்டென்று போய், கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்துபோகும்.

*

முள் எங்கே ஏறுகிறது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. நெரிசலில் ஏறி, எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் காற்று அடித்ததும் இறங்கினால் விசிறியையோ அதன் சுவிட்சையோ பார்க்கலாம். வேகத்திலும் ஏற்றத்திலும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட். என் வண்டியில் முள் எங்கும் ஏறவில்லை. வழி சிறியது, பழுது இன்னும் இளையது என்று அதற்குப் பொருள்.

"ஹெட் கேஸ்கட் போயிருக்கும் சார், கழட்டிப் பாத்துடலாம்" என்று ஒரு மெக்கானிக் சொன்னார். ஆதாரம் கேட்டேன். ஆயில் மூடியின் உள்பக்கம் பாலாடை மாதிரி ஏதுமில்லை. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. உள்ளே கண்ணாடி மூடுபனி கட்டவில்லை, இடதுபக்கக் கால்விரிப்பு நனையவில்லை. ஆகவே ஒழுகல் ஹீட்டரிலும் இல்லை. இரவு வண்டிக்கு அடியில் விரித்த செய்தித்தாள் காலையில் உலர்ந்தே இருந்தது. பார்ப்பதற்கு முன் கழற்றுவது எனக்குச் சம்மதமில்லை.

வில்சன் கார்டனில், திருப்பத்தூர் பக்கத்துக்காரர் ஒருவரிடம் கை பம்ப்புடன் கூடிய அழுத்தமானி இருந்தது. மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்தி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அடித்துவிட்டு, காத்திருக்க வேண்டும். முள் மெல்ல இறங்கியது. எங்கும் சொட்டவில்லை. அவர் அவசரப்படவில்லை, டீ வரவழைத்தார். பிறகு டார்ச்சையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம் காட்டினார். ஒரு துளை. அதன் கீழே பச்சையும் வெள்ளையுமாகக் காய்ந்த கறை. அதன் நுனியில் ஈரம் அப்போதுதான் கோத்துக்கொண்டிருந்தது.

ஓடும்போது கசிந்தது சூட்டில் உடனே ஆவியாகிவிட்டது. தரைக்கு வந்து சேர எதுவும் மிஞ்சவில்லை. கூலன்டில் இருந்த உப்பும் நிறமும் மட்டும் அங்கேயே தங்கிவிட்டன.

"அந்த ஓட்டை ஒடசல் இல்ல சார். கம்பெனிக்காரன் வேணும்னேதான் விட்டிருக்கான். சீல் போனா தண்ணி பேரிங்குக்குப் போகாம வெளியே வரணும்னு. எம்சீல் வச்சு அடைச்சிடாதீங்க."

இதை எழுதிவைக்கத்தான் இந்தக் குறிப்பேட்டைத் திறந்தேன். ஒரு பாகம் ஒருநாள் தேயும் என்று செய்தவருக்கே தெரிந்திருக்கிறது. தேய்வதைத் தடுக்க அவரால் முடியாது. தேய்ந்ததும் நமக்குத் தெரிய வேண்டும் என்று ஒரு துளையை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதை அடைத்தால் ஒழுகல் நிற்காது. தண்ணீர் பேரிங்குக்குப் போகும், பம்ப் ஒருநாள் நடுரோட்டில் இறுகும், சூட்டில் அலுமினிய ஹெட் வளையும்.

*

மஞ்சள்தூள் போடுவதைப் பற்றியும் கேட்டேன். லாரிக்காரர்களின் பழைய வைத்தியம். ரேடியேட்டரில் போட்டால் தூள் போய்ச் சின்ன ஓட்டையில் அடைந்துகொள்ளும். இரவில் கிருஷ்ணகிரி தாண்டி மாட்டிக்கொண்டவருக்கு அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். ஆனால் மஞ்சளுக்கு ஓட்டை எது, குழாய் எது என்று தெரியாது. வீடு வந்து சேர்ந்ததும் கழுவி எடுத்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவதும் இதே ரகம். என்ஜின் சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

ஜே.சி. ரோட்டில் பம்ப்பும் கேஸ்கட்டும் கிடைத்தன. பெல்ட்டை அளவோடு இழுத்துக் கட்டச் சொன்னேன். அதிகம் இறுக்கினால் புதுப் பம்ப்பின் பேரிங்கும் சீக்கிரம் போகும். நிரப்பியபின் விசிறி ஓடி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டு, சிக்கிய காற்றை வெளியேற்றினார். டேப்பில் போட்ட கோட்டிலேயே மட்டம் இப்போது நிற்கிறது.

பழைய கூலன்டை இறக்கும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பெரும்பாலான கூலன்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும்; நாயும் பூனையும் நக்கிக் குடிக்கும்; சிறிதளவே அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். தெருவில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் பிடித்து மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள். தரையில் சிந்தியதை நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.