தெரிந்ததும் தெரிவதும்

என் தங்கை மகள் சென்னை ஓவியக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறாள். சேர்ந்து ஒரு மாதம் ஆகியும் செம்பு, டம்ளர், மண்பானை என்று பாத்திரங்களையே வரைந்துகொண்டிருந்தாள். "பாத்திரக் கடை வைக்கப் போகிறாயா?" என்று கேலி செய்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மேஜைமேல் ஒரு டம்ளரை வைத்து, பென்சிலை என்னிடம் நீட்டி, "நீங்களே வரையுங்கள், மாமா" என்றாள்.

டம்ளர் வரைவது ஒரு வித்தையா? பக்கத்துக்கு ஒரு கோடு. வாய்க்கு ஒரு வட்டம். அடியில் ஒரு நேர்கோடு. முடிந்தது.

"வாய் வட்டமாகவா இருக்கிறது?"

"டம்ளரின் வாய் வட்டம் என்று எனக்குத் தெரியாதா?"

"தெரிந்தது இருக்கட்டும், மாமா. இங்கிருந்து என்ன தெரிகிறது?"

ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் அளந்து பார்க்கச் சொன்னாள். வாய் வட்டமாக இல்லை. மெலிந்த நீள்வட்டமாக இருந்தது. குனிந்து விளிம்பைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்தால் அதுவும் வெறும் கோடாகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், அடிப்பாகம் கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால், வாயைவிட அதிகமாக வளைந்திருந்தது. மேஜை தட்டை என்ற அறிவுதான் அங்கே என்னை நேர்கோடு போட வைத்தது!

அறிவதற்கும் கண்ணில் படுவதற்கும் தமிழில் ஒரே சொல்தான்: தெரிதல். அந்த இரண்டையும் பிரித்துக்கொள்வதுதான் ஓவிய மாணவரின் முதல் பாடம் போலிருக்கிறது.

அப்படியானால் தெரிந்ததெல்லாம் பொய்யா? இல்லை. வாய் வட்டம் என்பதும் உண்மைதான். ஆனால் அது எல்லா டம்ளருக்கும் பொதுவான உண்மை. எதிரே இருக்கும் இந்த ஒன்றைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அந்தக் கல்லூரிக்கு மூலமான பள்ளியை 1850-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹன்டர் ஒரு டாக்டர். வைத்திய சாஸ்திரம் முழுதும் தெரிந்தாலும், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியைப் பார்க்காமல் எந்த டாக்டராவது மருந்து எழுதலாமா?

நான் எழுதியிருக்கிறேன். எதிர் வீட்டுக்காரர் வட்டிக்குப் பணம் கொடுப்பவர். அவரை வைத்துக் கதை ஒன்று எழுதினேன்: இடுங்கிய கண், இறுகிய உதடு, இரக்கமற்ற சிரிப்பு. வாசகர்கள் பாராட்டினார்கள். சென்ற வருஷம் அவர் காலமானார். அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி அவர் மகன் வந்து கேட்டபோது பேனாவுடன் உட்கார்ந்தேன். இருபது வருஷம் எதிரெதிரே இருந்தவருடைய முகம் நினைவுக்கு வரவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாரா என்பதுகூடத் தெரியவில்லை. கண் முன்னே வந்ததெல்லாம் என் கதையில் வரும் முகந்தான்.

அவர் நல்லவரா, கெட்டவரா என்பது வேறு விஷயம். கெட்டவராகவே இருந்தாலும் அவருடைய முகம் அவருடையது. அதைப் பாராமலே தீர்ப்பு எழுதியது அநியாயம்.

கோணலாகப் போட்ட கோட்டை ரப்பரால் அழித்துவிடலாம். அச்சேறிய கதையை என்ன செய்வது? மருமகளிடம் ஒரு பென்சில் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். டம்ளரின் அடிப்பாகம் இன்னும் சரியாக வரவில்லை.