கற்பிப்பவர் யார்?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் கரும்பலகை இல்லை. ஆசிரியர் என்று எவரும் இல்லை. ஆயினும், தைத்த துணியில் தொங்கும் பிசிர் வெட்ட வந்தமர்ந்த பெண், சில ஆண்டுகளில் ஓவர்லாக் தையலில் தேர்ச்சி பெற்றிருப்பதைக் காண்கிறோம். அவளுக்குக் கற்பித்தவர் யார்? டெய்லர் சிறிது காட்டினார். அருகிலிருந்த அக்காள் சிறிது திருத்தினாள். செக்கிங்கில் கழித்துத் திருப்பப்பட்ட துணியும் சிறிது சொல்லிக் கொடுத்தது. பனியனைப் பல கைகள் பகிர்ந்து உருவாக்குவது போலவே, அதைப் பற்றிய அறிவும் பல கைகளில் பகிர்ந்து கிடக்கிறது.

ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்னும் அறிஞர்கள் 1991இல் வெளியிட்ட நூலில், கற்றல் என்பது மூளையில் செய்திகளை நிரப்புவதன்று. ஒரு தொழிற் சமூகத்தின் விளிம்பில் இடம்பெற்று, படிப்படியாக அதன் நடுவிடம் சேர்வதே என்றனர். லைபீரியத் தையற்காரரிடம் பயில்வோர் பொத்தான் தைத்தல் போன்ற முடிப்பு வேலைகளில் தொடங்கி, துணி வெட்டுதலை இறுதியில் கற்பதைச் சான்றாகக் காட்டினர். நம் பெண்ணும் பிசிரில்தானே தொடங்கினாள்!

அந்நூலிலேயே ஓர் எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க அங்காடிகளில் இறைச்சி வெட்டும் தொழில் பயின்றோர் சிலர், பொதி கட்டும் தனி அறையில் நிறுத்தப்பட்டனர். தேர்ந்தவர் வெட்டுவதை அவர்களால் காணவே இயலவில்லை. வேலை கிடைத்தது, கல்வி கிடைக்கவில்லை.

இங்கேதான் அறக்கேள்வி எழுகிறது. பலர் சேர்ந்து கற்பிக்கும் இடத்தில் ஒருத்தி பத்தாண்டுகளாகப் பிசிரிலேயே நின்றுவிட்டால், பொறுப்பு யாருடையது? மொழி தெரியாததால் எவரும் பேச்சுக் கொடாத ஒடிசா இளைஞனுக்கு யார் பொறுப்பு? டெய்லரை மட்டும் குறை கூறுதல் நீதியன்று. பீஸ் ரேட்டுக்கு உழைப்பவர் பிறருக்குக் காட்ட நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் கூலியில் குறைகிறது. ஆகவே, கற்பித்தல் பகிரப்படும்போது பொறுப்பு மறைந்துவிடுவதில்லை. கூலியையும் இடத்தையும் நேரத்தையும் வகுப்பவரிடம் அது மிகுதியாகச் சேர்கிறது. தொழிலாளராய்த் தொடங்கி முதலாளியானவர் பலரைத் திருப்பூர் கண்டிருக்கிறது. தாம் ஏறிவந்த படிகளைப் பின்வருவோர்க்கு விட்டு வைப்பது, அவர்கள் செய்யும் தருமமன்று. செலுத்த வேண்டிய கடன்.

உழைப்பின் மதிப்பு, செய்யப்படும் பொருளைவிட, அதைச் செய்யும் மனிதரையே சார்ந்தது எனத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் போதித்தார். நாசரேத்தில் இயேசுவும் தச்சராகவே அறியப்பட்டார். யோசேப்பின் அருகில் நின்றே அத்தொழிலைக் கற்றிருப்பார். நம் பட்டறையிலும் பங்கிலும் இல்லத்திலும், நம் அருகில் நின்று கற்க நாம் யாருக்கு இடம் தந்திருக்கிறோம்?