எடுத்த இரத்தம் யாருடையது?

வைத்தியசாலையில் சோதனைக்கென்று நம் கையிலிருந்து இரத்தம் எடுக்கிறார்கள். மீதி என்னவாகிறதென்று நம்மில் யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் ஒருவர் கேட்டார். அக்கேள்வி கலிபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

ஜான் மூர் என்பது அவர் பெயர். 1976-ல் அவருக்கு ஒருவகை இரத்தப் புற்றுநோய் கண்டது. அந்நோயில் வெள்ளை அணுக்களின் மேல் மயிர் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மண்ணீரலில் குவிந்து அதை வீங்கச் செய்யும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள பல்கலைக்கழக மருத்துவமனையில் அவரது மண்ணீரலை அகற்றினார்கள். அது தேவையான சிகிச்சைதான். அதில் நமக்குப் பேச்சில்லை. அதன்பின் 1983 வரை, அழைத்தபோதெல்லாம் மூர் தொலைதூரத்திலுள்ள சியாட்டிலிலிருந்து வந்து இரத்தமும் எலும்பு மஜ்ஜையும் கொடுத்துச் சென்றார். எல்லாம் தம் உடல் நலத்துக்கென்றே நம்பியிருந்தார். இதற்கிடையில் 1979-ல், அவருடைய நோய் எதிர்ப்பு அணுக்களிலிருந்து, ஆராய்ச்சிக்கூடத்தில் ஓயாமல் பெருகும் அணுக்களை உருவாக்கிவிட்டிருந்தார்கள். 1984-ல் அதற்குக் காப்புரிமையும் கிடைத்தது.

அந்த ஆராய்ச்சி வீண் என்று நாம் சொல்லவில்லை. இரத்த அணுக்கள் மஜ்ஜையிலுள்ள மூல அணுக்களிலிருந்து தோன்றிப் படிப்படியாக முதிர்கின்றன. அவ்வாறு வளரத் தூண்டும் புரதங்கள் உண்டு. அவற்றுள் ஜிஎம்-சிஎஸ்எஃப் என்பதைப் பிரித்தறிய உதவியவை மூரின் அணுக்களே. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்ற புற்றுநோயாளிகளுக்கு வெள்ளை அணுக்கள் விரைவில் பெருக அது மருந்தாகிறது. எத்தனையோ பேரின் ஷிஃபாவுக்கு அல்லாஹ் அதை ஒரு காரணமாக்கியிருக்கிறான்.

'நன்மைதானே விளைந்தது, சொல்லாமல் எடுத்தால் என்ன?' என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் ஒருவர் நம்பி வைத்த நகையை, அவரைக் கேளாமல் ஓர் ஏழைக் குமரின் கலியாணத்துக்குக் கொடுத்துவிட்டால் அதை என்னவென்று சொல்வோம்? நோயாளி வைத்தியரிடம் தம் உடலையே அமானிதமாக ஒப்படைக்கிறார். சிகிச்சைக்கென்று பெற்றதை, தமக்கும் ஆதாயமுள்ள வேறொரு காரியத்துக்கு மறைத்துப் பயன்படுத்துவது கியானத்தே. அதில் விளைந்த மருந்து எத்தனை உயர்ந்ததாயினும் சரி.

1990-ல் வந்த தீர்ப்பு இருபக்கமும் பேசியது. வெட்டியெடுத்த அணுக்களுக்கு மூர் சொத்துரிமை கோர முடியாது. ஆனால் ஆராய்ச்சி நோக்கத்தையும் ஆதாயத்தையும் நோயாளியிடம் முன்கூட்டியே சொல்வது வைத்தியரின் கடமை, அது மீறப்பட்டதென்று வழக்காடலாம் என்றது. முற்பகுதி நம் ஃபுகஹாக்களுக்குப் புதிதல்ல. மனித உடல் கண்ணியத்துக்குரியது, கடைச்சரக்கல்ல என்பதால்தான் தலைமுடியை விற்பதையும் அவர்கள் தடுத்தார்கள். (தாய்ப்பாலை விற்பதில் மட்டும் கருத்து வேற்றுமை உண்டு: ஹனஃபியில் கூடாது, ஷாஃபிஈயில் கூடும்.) நமக்கு உறுத்துவது வேறொன்று. மூரிடம் இருந்தபோது சொத்தாகாதது, ஆராய்ச்சிக்கூடத்து வாசலைத் தாண்டியதும் எப்படிச் சொத்தாயிற்று? உழைப்பினால் புதிதாக உண்டானது என்கிறது நீதிமன்றம். உழைப்புக்குக் கூலி உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் மூரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த உழைப்பில் எது குறைந்திருக்கும்?

இப்போது நம் மருத்துவமனைகளிலும் ஒப்புதல் தாள்கள் நீட்டப்படுகின்றன. கையெழுத்திடுமுன், ஆராய்ச்சிக்கென்று ஏதேனும் அதில் எழுதியிருக்கிறதா என்று வீட்டில் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள். இருந்தால், பிறருக்குப் பயன்படட்டும் என்ற நிய்யத்துடன் தாராளமாகச் சம்மதிக்கலாம். மனம் ஒப்பாவிட்டால் மறுக்கவும் செய்யலாம்.