வைத்தியனுக்கு நடுகல்

நடுகல் யாருக்கு நடப்படுகிறது என்ற கேள்விக்கு, ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை கிடைத்திருக்கும் கற்கள் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தருகின்றன. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆநிரை, எந்த ஊரின் மேல் யார் வந்தார்கள், யாருடைய சேவகன் பட்டான் என்பவை சில வரிகளில் அடங்கிவிடும். கூடவே வில்லோ வாளோ ஏந்திய ஓர் உருவம். நிரை கவர்ந்து செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்டுச் செத்தவனுக்கும் உண்டு. எனவே வீரம் என்ற பொது மதிப்பையே நம் முன்னோர் போற்றினார்கள் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு கல்லையும் நட்டவர்கள் ஒரு தரப்பார். இந்த எல்லைப்புறத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று கல்லின் மொழி மாறும், தரப்பு மாறும், வடிவம் மாறுவதில்லை. பல கற்கள் இன்று வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொள்கின்றன. யாருடைய ஆள் என்பது மறந்துபோன பிறகே அவை எல்லாருக்குமான சாமி ஆகியிருக்கின்றன.

ராணுவத்தில் இருந்து இறந்துபோகிற ஒரு வைத்தியனை இந்த வடிவம் கொள்ளுமா என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

2010 பிப்ரவரி 26 அதிகாலை, காபூலில் இந்தியர்கள் தங்கியிருந்த விடுதி தாக்கப்பட்டது. இந்திய ராணுவ மருத்துவப் படையைச் சேர்ந்த மேஜர் லைஷ்ராம் ஜோதின் சிங் அங்கே இருந்தார். மணிப்பூர்க்காரர். காபூலுக்கு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. மருத்துவப் பணிக்கு வந்தவர்களிடம் ஆயுதம் கிடையாது. உள்ளே நுழைந்த தற்கொலைப் படையாள் ஒருவனை அவர் வெறுங்கையால் கட்டிப்பிடித்துக்கொண்டார், அவன் குண்டை வெடிக்கச் செய்தான், இருவரும் இறந்தார்கள். உடனிருந்த சகாக்கள் பிழைத்தார்கள். 2011 குடியரசு தினத்தில் அவருக்கு அசோக சக்ரா வழங்கப்பட்டது. போர்முனைக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு இந்த நாடு தரும் மிக உயர்ந்த விருது அது.

விருது சரியானதே. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது எதற்குத் தரப்பட்டது என்று பார்க்க வேண்டும். அந்த விடிகாலையில் அவர் செய்ததை ஒரு சிப்பாய் செய்திருக்கலாம், சமையற்காரர் செய்திருக்கலாம், வாசலில் நின்ற காவலாளி செய்திருக்கலாம். அவர் வைத்தியர் என்பது அந்தச் செயலுக்கு அவசியமான நிபந்தனை அல்ல. விருது அவர் இறந்த நிமிஷத்தை எடுத்துக்கொண்டது; அவர் எந்தத் தொழிலுக்காக அங்கே போனாரோ அது பின்னணியாகிவிட்டது. கல்லில் வில் ஏந்திய உருவம் செதுக்கப்படுவது இப்படித்தான்.

மருத்துவத்துக்கே விருது தந்ததில்லையா என்று கேட்கலாம். தந்ததுண்டு. கொரியப் போரில் இந்தியாவின் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவை நடத்திய லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவர் உயிரோடு திரும்பினார். ஆனால் கொரியாவுக்குப் போன அந்தப் பிரிவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? உயிரோடு திரும்பிய வைத்தியன் நம் நினைவுக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

பழைய இலக்கியம் இதை அறியாமல் இல்லை. புண்பட்டுக் கிடப்பவனைப் பேய் தீண்டாமல் மனைவி காத்திருப்பதற்குத் தொல்காப்பியம் ஒரு துறையே வகுத்திருக்கிறது: தொடாக்காஞ்சி. வேப்பந்தழை செருகிய வீடு, சிதறிய வெண்கடுகு, காஞ்சிப்பண் என்று அரிசில்கிழாரின் புறப்பாட்டு ஒன்று அந்த இரவின் வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகிறது. காப்பதற்குத் துறை கிடைத்தது, கல் கிடைக்கவில்லை. அந்தக் காவலும் தன் கணவனுக்கான காவல்தான்.

ராணுவ வைத்தியனின் நிலை இதிலிருந்து அடிப்படையில் வேறானது. 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவது, காயம்பட்டவர்களில் யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்கிறது. தன் படையா எதிரிப் படையா என்பது வரிசையை மாற்றக்கூடாது. அவன் அணிவது ஒரு தரப்பின் சீருடை, செய்வது தரப்பில்லாத வேலை. கல்லின் முதல் கேள்வி ‘யாருடைய ஆள்?’ என்பது. வைத்தியனின் முதல் கேள்வி ‘எங்கே அடி?’ என்பது. முதல் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டாவதை நினைவுகூர முடியுமா?

இந்தக் கேள்வியைத் தமிழில் கேட்கிறவன் யாழ்ப்பாணத்தைத் தாண்டிப் போக முடியாது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். இந்திய அமைதிப்படை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து சுட்டதில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இறந்தார்கள். மறுநாள் காலை, குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் நர்சுகளோடு கைகளை உயர்த்தியபடி, தாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தபோது சுடப்பட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து புலிகள் சுட்டதால் நடந்த மோதல் என்பது ராணுவத் தரப்பின் விளக்கம். ஜோதின் சிங் பின்னாளில் சேர்ந்த மருத்துவப் படையைச் சேர்ந்தவர்கள் அதே யுத்தத்தில் காயங்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டும் இருந்தார்கள். சிவபாதசுந்தரம் சீருடை அணிந்தவரல்ல. அவருக்கு இந்த நாட்டின் பதக்கம் கிடையாது, கிடைக்கவும் முடியாது. பதக்கத்தின் இலக்கணம் அது.

இரண்டு சாவுகளையும் சமன்படுத்த இதைச் சொல்லவில்லை. ஒருவர் கொல்ல வந்தவனைத் தடுத்துச் செத்தார். மற்றவர் காப்பதாகச் சொல்லி வந்த படையால் கொல்லப்பட்டார். ஆனால் இருவரும் ஒரே தொழிலின் விதிக்குக் கட்டுப்பட்டவர்கள். முதலாமவரைப் போற்றும்போது இரண்டாமவரின் பெயர் நமக்குச் சங்கடம் தருமானால், நாம் வைத்தியனை நினைக்கவில்லை, நம் தரப்பை நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த விதி போர்க்களத்துக்கு மட்டும் உரியதல்ல. பெங்களூர் சாலையில் அடிபடும் கர்நாடக லாரி டிரைவரும், சிப்காட்டில் கை நசுங்கும் பீகார்த் தொழிலாளியும், பக்கத்து ஊர் விவசாயியும் ஒரே நேரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதிகம் ரத்தம் போகிறவனைத்தான் முதலில் உள்ளே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தவறு என்று எல்லாருக்கும் தெரியும். காவிரித் தகராறில் பஸ்கள் எல்லையில் நிற்கும் நாளிலும் தெரியும். இந்தச் சாதாரண அறிவைத்தான் ராணுவ வைத்தியன் துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோகிறான். அதை அங்கே இழக்காமல் இருப்பது, உயிரைக் கொடுப்பதற்குக் குறைந்த காரியம் அல்ல.

வேடியப்பனுக்கு நேர்ந்ததுபோல, நூற்றாண்டுகள் கழித்துத் தரப்பு தானாக மறந்துபோகும் என்று காத்திருக்கலாம். வைத்தியன் விஷயத்தில் அந்த மறதியை நாம் இன்றே, தெரிந்தே செய்தாக வேண்டும்.