இரவல் அப்பா

தீபாவளிக்குப் பாட்டி வீட்டுக்குப் போனால் ஒரு படம் நிச்சயம்: ஸ்ரீதர் இயக்கி 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில், திடலில் திரை கட்டிக் காட்டியபோது பாய் விரித்துப் பார்த்தாராம். கதாநாயகன் ரவிச்சந்திரன் நம்ம மலேசியாவில் பிறந்தவர் என்பதில் அவருக்கு இன்னும் பெருமை. எனக்கு நாகேஷ் பாலையாவிடம் பேய்க்கதை சொல்லும் இடம் போதும்.

இந்தத் தடவை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கதை உங்களுக்குத் தெரியும். எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனிடம் வேலை இழந்த அசோக், அவர் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டுப் பாட்டுப் பாடிப் போராடுகிறான். அதே அசோக், அவர் மகளைக் கட்டுவதற்காகத் தன்னைக் கோடீஸ்வரன் மகன் என்கிறான். நண்பன் வாசுவுக்குக் கிழவர் வேஷம் போட்டு அப்பாவாக அழைத்து வருகிறான். பணம் என்றதும் பாலையா குழைவதைப் பார்க்கணுமே!

பாட்டி காலத்துத் தோட்டத்தில் துரை பங்களா மேட்டில், லயம் கீழே. முதலாளி ஏமாறுவதைப் பார்த்து லயத்து ஜனங்கள் எப்படிச் சிரித்திருப்பார்கள்!

பொய் தப்புதான். பணத்தை வைத்து மாப்பிள்ளையை எடைபோடுவதும் தப்புதானே? குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறார். அசோக்குக்கு அது பொருந்தும் என்று நானும் வாதாடியிருப்பேன். எனக்கு அது தேவைப்பட்டது.

போன செமஸ்டர், ஈப்போவில் ஒரு தோழியின் வீடு. (தோழி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) அவள் அம்மா தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "அப்பா என்ன வேலை செய்றாரு தம்பி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஃபேக்டரியில சூப்பர்வைசர், ஆன்டி."

என் அப்பா அந்த ஃபேக்டரி கேட்டில் ஜாகா.

சாந்தோக்கிய உபநிஷதத்தின் சத்தியகாமனை நம் சமய வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். குருவிடம் போகுமுன் கோத்திரம் என்னவென்று அம்மா ஜபாலையிடம் கேட்கிறான். இளமையில் பல இடங்களில் பணிவிடை செய்து திரிந்தபோது உன்னைப் பெற்றேன், எனக்கே தெரியாது என்கிறாள். அவன் அதை அப்படியே கௌதமரிடம் ஒப்பிக்கிறான். ஒரு கோத்திரத்தை இட்டுக்கட்ட எவ்வளவு நேரமாகும்? கௌதமர் அவனை ஏற்றது அந்தப் பதிலுக்காகத்தான். உண்மை பேசு என்ற பாடமாகவே இதைக் கேட்டு வளர்ந்தேன். இப்போது வேறொன்றும் படுகிறது: அவன் பொய் சொல்லியிருந்தால், அம்மா பட்ட பாட்டை மறைக்க வேண்டிய ஒன்றாக ஆக்கியிருப்பான்.

அசோக்கின் பொய்யில் பாலையாவின் பேராசை வெளியே வந்தது, சிரித்தோம். என் பொய்யில் வெளியே வந்தது யார்? அந்த ஆன்டி பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தராசைக் கொண்டுபோனது நான். அதில் அப்பாவை ஏற்றி, கனம் பத்தாது என்று முடிவு செய்ததும் நான்.

படம் முடிந்தபோது அப்பா நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பாட்டி இஸ்திரி போட்ட யூனிஃபார்ம்.

"சனிக்கிழமை ஓப்பன் ஹவுஸுக்கு உன் கூட்டாளிங்கெல்லாம் வர்றாங்களாடா?"

"வர்றாங்கப்பா."

அவள் அம்மாவையும் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு போன் பண்ண வேண்டும்.