பச்சையாகவே இருந்தால் எப்போது அறுப்பது?

இத்தாலியின் கிராமப்புறத்தைப் பார்க்க எந்த மாதம் நல்லது என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆகஸ்ட் மாதம்தான் ஞாபகம் வருகிறது.

டஸ்கனியில், சியெனா நகருக்குத் தெற்கே உள்ள வால் தோர்ச்சா பள்ளத்தாக்குக்கு முதன்முதலாகப் போயிருந்தேன். 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நிலப்பரப்பு அது. காலண்டர் படங்களில் வருமே, பச்சைக் குன்றுகள், உச்சியில் ஒரு கல்வீடு, அதற்கு ஏறிப்போகும் பாதையின் இருபுறமும் சைப்ரஸ் மரங்கள்! அதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு போனேன். வீடு இருந்தது, மரங்கள் இருந்தன. குன்றுகள் மட்டும் சாம்பல் நிறத்தில் உழுது போட்டபடி கிடந்தன. களிமண் பூமி, கட்டி ஒவ்வொன்றும் பானை அளவு. ஆகஸ்ட் 15 ஃபெராகோஸ்தோ விடுமுறை என்பதால் பல கடைகள் மூடியிருந்தன. என் முகம் வாடியதைப் பார்த்து, தங்கியிருந்த பண்ணைவீட்டு அம்மா கேட்டார்: “பச்சையாகவே இருந்தால் எப்போது அறுப்பது?”

நான் தேடிப்போனது கோதுமைப் பயிரின் பச்சை. பனிக்காலத்துக்கு முன் விதைத்தது மார்ச்சிலிருந்து மே வரை பசுமை கட்டி நிற்கும். ஜூனில் பழுக்கும். ஜூலைக்குள் அறுப்பு முடிந்துவிடும். உடனே மண்ணைப் புரட்டிப் போட வேண்டும். வெயிலில் காய்ந்து மழையில் உதிர்ந்தால்தான் அந்தக் களிமண் அடுத்த விதைப்புக்குப் பதப்படும். நான் குறையென்று நினைத்தது அவர்களுக்கு வேலை.

சியெனாவின் பழைய நகர மாளிகையில் அம்ப்ரோஜோ லொரென்செத்தி 1338-39-இல் தீட்டிய சுவரோவியம் இருக்கிறது. நல்லாட்சியில் நாட்டுப்புறம் எப்படி இருக்கும் என்று காட்டும் பகுதியில் நிலம் முழுக்க ஆட்கள். ஒருபுறம் உழுகிறார்கள், ஒருபுறம் அறுத்துக் கதிரடிக்கிறார்கள், ஒருவர் வெள்ளைப் பட்டை போட்ட கறுப்புப் பன்றியை நகரத்துக்கு ஓட்டிப் போகிறார். என் காலண்டர் படத்தில் ஒரு மனிதர்கூட இல்லை என்பது அதன் முன் நின்றபோதுதான் உறைத்தது.

அந்தக் கல்வீடுகளும் வாரத்துக்கு உழுதவர்களின் வீடுகள். மெத்சாத்ரியா என்பார்கள்; விளைந்ததில் பாதி நிலக்காரருக்கு. புதிதாக அப்படி ஒப்பந்தம் போடுவதை 1964-இல் சட்டம் தடுத்தது. அதற்கு முன்பே பல குடும்பங்கள் ஆலை வேலைக்கு நகரம் போய், வீடுகள் பூட்டிக் கிடந்தன. விவசாயிகள் விருந்தினரைத் தங்கவைக்க 1985-இல் ஒரு சட்டம் வந்தது. அதிலும் விவசாயமே பிரதானம், விருந்தினர் அதற்குத் துணைதான். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. நாம் போய் இறங்குவது இன்னொருவர் வேலையின் நடுவில். அந்த மாதத்து வேலை எதுவோ, அதைப் பார்க்கத்தான் போகிறோம்.

மறுமுறை நவம்பரில் போனேன், ஆலிவ் பறிப்புக்கு. குளிர்காலத்தில் மூடுபனி, விறகுப் புகை, ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. அந்தக் குளிர்காலத்துக்கு முந்தைய கடைசி வேலை ஆலிவ் பறிப்பு. மரத்தடியில் வலை விரித்து, சீப்பு போன்ற கைக்கருவியால் கிளையை வாரிவிட்டால் காய்கள் பொலபொலவென்று உதிரும். முதல் ஒரு மணி நேரம் ஆனந்தம், பிறகு தோள் கழன்றுவிடும். காய் குவிந்து கிடந்தால் புளித்துவிடும் என்பதால் அன்று இரவே ஆலைக்குக் கொண்டுபோனோம். 100 கிலோ காய்க்குப் பத்துப் பதினைந்து லிட்டர்தான் எண்ணெய். குழாயிலிருந்து கெட்டிப் பச்சையாக இறங்கியது. சுட்ட ரொட்டியில் பூண்டைத் தேய்த்து அதன் மேல் ஊற்றிக் கொடுத்தார்கள். தொண்டையில் மிளகுபோலக் காறியது, இருமினேன். இருமல் வந்தால் நல்ல எண்ணெய் என்று அந்த அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி.

மறுநாள் காலை கிளம்பும்போது, ஆகஸ்டில் நான் முகம் வாடி நின்ற அதே சரிவைத் தாண்டிப் போனோம். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கட்டிகள் உதிர்ந்து மண் பொலபொலத்திருந்தது. குனிந்து பார்த்தபோது கோதுமை ஊசி ஊசியாக முளைவிட்டிருந்தது. சாலையிலிருந்து அது தெரியவில்லை.