இடைகழி நெருக்கமும் வீதி நெருக்கமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



கார்த்திகை மாதத்துக் கிருத்திகை நன்னாள் திருவண்ணாமலைக்கு மஹாதீபத் திருநாள். நம் ஸம்பிரதாயத்திலோ அதே கார்த்திகையில் கார்த்திகை நக்ஷத்ரம் திருமங்கையாழ்வார் அவதரித்த நாள். அடுத்து வரும் ரோஹிணி திருப்பாணாழ்வாருடைய திருநக்ஷத்ரம். விஷ்ணு ஆலயங்களில் பாஞ்சராத்ர தீபம் ஏற்றப்படுவதும் இந்த நாட்களை ஒட்டியே. இம்மலை சிவபிரானுக்கு உரியதென்பது உலகறிந்த விஷயம். ஆயினும் அருணாசலேசுவரர் திருக்கோயிலின் உள்ளேயே வேணுகோபாலன் எழுந்தருளியிருக்கிறான். ஊருக்குள் பூதநாராயணப் பெருமாள் ஸேவை ஸாதிக்கிறார். ஆகவே நெற்றியில் திருமண் தரித்தவரும் திருநீறு தரித்தவரும் இந்நாட்களில் ஒரே வீதியில், ஒரே நெருக்கத்தில், தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். அந்த நெருக்கத்தில் நாம் நிற்கும் முறையைக் குறித்தே இங்கு ஒரு விண்ணப்பம் செய்ய விழைகிறோம்.

தீபத்தன்று மாலை நடப்பதை அறியாதார் இலர். பஞ்சமூர்த்திகள் வந்து அமர்ந்த பின், ஆண்டு முழுவதும் வெளியே வாராத அர்த்தநாரீசுவரர் ஆடியபடி எழுந்தருளுகிறார். சில நிமிஷங்களே அந்தக் காட்சி. கொடிமரத்தருகே அகண்ட தீபம் ஏற்றப்பட்ட அக்கணமே, 2,668 அடி உயர மலையின் உச்சியிலும் ஜோதி தோன்றுகிறது. இந்தச் சில நிமிஷங்களுக்காக எங்கோ ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, காலை முதல் பட்டினியோடு ஒரே இடத்தில் நின்றிருக்கும் மூதாட்டியை எண்ணிப் பாருங்கள். திரை விலகுகிறது. அதே கணத்தில் அவளுக்கு முன்னே நூறு கைகள் உயர்கின்றன. ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி. அவள் கண்டது ஸ்வாமியை அன்று; முன்னே நின்றவருடைய கைக்கண்ணாடியில் ஆடிய கட்டைவிரல் அளவான ஒரு நிழலை. கைகள் தாழும்போது ஸ்வாமி உள்ளே எழுந்தருளிவிட்டார்.

திருடுபோன பொருளை மீட்டுக் கொடுக்கலாம். இழந்த ஸேவையை யார் மீட்டுக் கொடுப்பார்? காஞ்சியில் அத்திவரதர் 1979-க்குப் பின் 2019-ல், ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள் ஸேவை ஸாதித்தார். அனந்தஸரஸிலிருந்து அவர் மீண்டும் எழுந்தருளுவது 2059-ல். 2019-ல் அறுபது வயதினராய் வரிசையில் நின்று, ஸந்நிதியில் நகர்த்தப்பட்ட சில விநாடிகளில் எவருடைய முழங்கையோ மறைத்து, வெறுங்கண்ணோடு திரும்பியவர், அடுத்த முறைக்கு நூறு வயது வாழ வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 18 அன்று அங்கே நெரிசலில் உயிர் நீத்தவர்களும் உண்டு என்பதை மறந்துவிடலாகாது. கூட்டத்தில் ஒருவர் படம் எடுப்பதற்காகத் திடீரென நின்றால், பின்னே வருகிறவர்கள் நிற்க இயலாது. அந்தத் தள்ளல் வரிசையின் கடைசி வரை போகும்; கீழே விழுகிறவர் யாரென்று முன்னே நின்றவருக்குத் தெரியவே தெரியாது.

படம் எடுப்பதே பாபம் என்று சொல்ல வரவில்லை. ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் நிறுவிய பிறகு, ஸந்நிதிக்குள் அடி வைக்க விடப்படாத குடும்பங்களின் சுவரிலும் லக்ஷ்மியும் ஸரஸ்வதியும் வந்து அமர்ந்தார்கள். அது சிறிய உபகாரமா? இன்று நடக்க முடியாமல் படுத்திருக்கும் பெரியவர்கள், அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், எல்லோரும் தொலைக்காட்சியிலே தீபத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதற்கென நியமிக்கப்பட்டவர்கள் அதற்கென விடப்பட்ட இடத்தில் நின்று எடுக்கிறார்கள். அவர்கள் எடுப்பதே தெளிவாகவும் இருக்கிறது. அப்படியிருக்க, நூறாவது கையும் உயர வேண்டிய அவசியம் யாது என்பதே கேள்வி.

அரசும் நீதிமன்றமும் இதை அறியாமல் இல்லை. திருச்செந்தூர்க் கோயிலைப் பற்றிய வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில், தமிழகக் கோயில்களுக்குள் கைபேசி கொண்டுசெல்வதைத் தடை செய்ய உத்தரவிட்டது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. வடக்கே கேதார்நாத்திலும் 2023 ஜூலையில், ஸந்நிதி வளாகத்தைத் திரைப்படக் களமாக ஆக்கியவர்களால் மனம் புண்பட்டுப் படமெடுப்பதைத் தடுத்தார்கள். குருவாயூர் நடைப்பந்தலைப் பற்றி 2024-ல் கேரள உயர்நீதிமன்றமும் இவ்வாறே கட்டுப்பாடு விதித்தது. நல்லதே. ஆனால் இந்தத் தடைகளெல்லாம் மதிலுக்கு உட்பட்டவை. உத்ஸவரோ மதிலைத் தாண்டி நம்மிடம் வருகிறவர். தேரோடும் வீதியில் கைபேசியை வாங்கி வைக்கும் பெட்டகம் ஏது? 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் காவலர் எத்தனை பேரைத் தடுக்க முடியும்? வீதியிலே காவல் நம் மனம் ஒன்றே.

வீதி நெருக்கத்துக்கு நம் ஆழ்வார்களிடமே ஒரு வழி இருக்கிறது. அதைத் தேடி வெகுதூரம் போக வேண்டா. இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாகத் திருக்கோவலூர். மழை இரவொன்றில் பொய்கையாழ்வார் அவ்வூரில் ஓர் இடைகழியில் ஒதுங்கினார். இடைகழி என்றால் வாசலுக்கும் உள்கட்டுக்கும் நடுவே உள்ள குறுகிய நடை. அதில் ஒருவர் படுக்கலாம். படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து கதவைத் தட்டினார். ஒருவர் படுக்குமிடத்தில் இருவர் உட்காரலாமே என்று எழுந்து உட்கார்ந்தார். பேயாழ்வார் வந்தார். இருவர் உட்காருமிடத்தில் மூவர் நிற்கலாமே என்று மூவரும் நின்றார்கள். ஒருவரும் ‘முதலில் வந்தவன் நான்’ என்று சொல்லவில்லை. அப்போது நாலாமவர் ஒருவர் புகுந்து நெருக்கினார். யார் என்று தெரியாத இருளில் ஒருவர் விளக்கேற்றினார், இன்னொருவரும் விளக்கேற்றினார், மூன்றாமவர் எம்பெருமானைக் கண்டார்.

இந்த இடத்தில் நாம் சற்றே நிற்க வேண்டும். விளக்கேற்றியவர் இருவர், முதலில் கண்டதாகப் பாடியவர் மூன்றாமவர். தாம் ஏற்றிய விளக்கில் பின்னே வந்தவர் கண்டாரே என்று முன்னவர் இருவரும் வருந்தினார்களா? நெருக்கம் அவர்களுக்குத் துன்பமாகவே இல்லை. நெருக்கத்தை விரும்பித்தான் எம்பெருமானே அங்கு வந்தான் என்று ஆசார்யர்கள் அநுபவிப்பர்கள். ஒருவருக்கொருவர் இடம் விட்ட இடத்திலேதான் அவன் வந்து நின்றான். பொய்கையார் கால் நீட்டிப் படுத்தபடியே கதவைத் திறக்காதிருந்தால் நமக்கு மூன்று திருவந்தாதிகளும் ஏது?

இனி, ஸ்வாமி எழுந்தருளும்போது அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தம் முகமும் பின்னால் ஸ்வாமியும் தெரியும்படி படமெடுத்துக்கொள்கிறவர்கள். இளைஞர் இதைச் செல்ஃபி என்கிறார்கள். ஸேவாபராதங்கள் 32 என்று பெரியோர் எண்ணியவற்றுள் எம்பெருமானுக்கு முதுகைக் காட்டியிருத்தலும் ஒன்று. இவர்களைக் காணும்போது நமக்குக் கோபம் வருவது இயல்பே. கூட்டத்தில் வசை பேசுகிறோம், கையைத் தட்டிவிடுகிறோம், சில வேளைகளில் உத்ஸவத்தின் நடுவே கைகலப்பும் நேர்கிறது. உடையவர் என்ன செய்தார் என்று பார்க்கலாமா?

திருவரங்கத்தில் உத்ஸவம் நடந்துகொண்டிருக்கிறது. நம்பெருமாள் வீதியில் எழுந்தருளுகிறார். உறையூர் மல்லன் ஒருவன், வில்லிதாஸன் என்பான், ஒரு கையில் குடையைப் பிடித்துத் தன் மனைவி பொன்னாச்சிக்கு வெயில் படாமல் காத்தபடி, அவள் கண்களையே நோக்கிக்கொண்டு பின்புறமாகவே நடக்கிறான். எம்பெருமான் பக்கம் அவன் திரும்பவே இல்லை. ஊரே சிரிக்கிறது. எதிராசர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. அவனை அழைத்துக் காரணம் கேட்டார். அவள் கண்ணழகுக்கு மேல் ஓரழகு இல்லை என்றான். இதனினும் அழகிய கண்களைக் காட்டினால் என்ன செய்வாய் என்றார். காட்டினால் அதற்கே அடிமை என்றான். அன்று மாலை பெரிய பெருமாள் ஸந்நிதியில் நிறுத்தித் திருக்கண்களைக் காட்டிக்கொடுத்தார். அந்த மல்லனே பிள்ளை உறங்காவில்லி தாஸர் ஆனார். காவிரியில் தீர்த்தமாடித் திரும்பும்போது உடையவர் கைகொடுத்து நடந்தது அவர் தோளில் என்பது வரலாறு. பொன்னாச்சியாரும் பெரிய பாகவதையாய் விளங்கினார்.

எம்பெருமானார் அன்று அவன் குடையைப் பிடுங்கியிருந்தால் ஒரு மல்லன் கோபத்தோடு உறையூருக்குத் திரும்பியிருப்பான், அவ்வளவே. ஆகவே முன்னே நிற்பவர் கைபேசியை உயர்த்தினால், “ஸ்வாமி! தேவரீர் திருக்கையைச் சற்றே தாழ்த்தியருள வேணும்; பின்னால் ஒரு பாட்டியார் நிற்கிறார்” என்று சொல்லிப் பாருங்கள். ‘யோவ், கையை இறக்கு’ என்பதற்கு இறங்காத கை இதற்கு இறங்கும். சிலருக்கு இதற்கும் இறங்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அப்போது பாட்டியாரை முன்னே நகர்த்தி, நாம் பின்னே நகர்வதில் நமக்குத் தடை சொல்வார் யாருமில்லை.

பிறரை மறைப்பது இவ்வளவு பெரிய குற்றமா என்று கேட்கலாம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் பகவதபசாரத்தையும் பாகவதாபசாரத்தையும் வரிசைப்படுத்திப் பின்னதே கொடிது என்கிறார். எம்பெருமானுக்கு முதுகு காட்டியதை அவன் பொறுப்பான். அவனுடைய அடியார் ஒருவரின் கண்ணை மறைத்ததை அப்படி எளிதில் பொறுப்பானோ? கிரிவலப் பாதையில் மரத்தடியில் கண்மூடி அமர்ந்திருக்கும் ஸாதுவின் முகத்தருகே கருவியை நீட்டுகிறவர்களும், ஈரப்புடவையோடு குளக்கரை ஏறும் பெண்களைப் படம் பிடிக்கிறவர்களும் இந்தக் கணக்கில் வருகிறவர்களே. அவர்களிடம் ‘எடுக்கலாமா’ என்று ஒரு சொல் கேட்பதில்லை. ஜப்பான் நாட்டுக் கியோட்டோ நகரில், கியோன் என்னும் பழம்பகுதியில், ஆடல் மகளிரைத் துரத்திப் படமெடுப்போர் தொல்லை தாங்காமல், 2019-ல் தனியார் சந்துகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அங்கும் இதே நோய்தான். பெண்கள் விஷயத்தில் மட்டும் இனிய சொல் போதாது. அருகே நிற்கும் காவலரிடம் உடனே சொல்வதே தகும்.

பார்ப்பது எப்படி என்பதைப் பெரியாழ்வாரிடம் கற்கலாம். பாண்டியன் ஸபையில் வென்று, யானை மேல் அமர்ந்து, மதுரை வீதியில் ஊர்வலமாய் வருகிறார். அந்த விழாவைக் காணக் கருடவாஹனனாய் எம்பெருமானே வானில் வந்து நிற்கிறான். வைகுந்தத்தில் மறைந்திருக்கும் வடிவு இப்படி நாலுபேர் கண்பட வீதியில் நிற்கிறதே, கண்ணேறு பட்டால் என்ன ஆகும் என்று ஆழ்வார் அஞ்சினார். தமக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. யானையின் மணிகளையே தாளமாக்கி அவனுக்குக் காப்பிட்டுப் பாடினார். காட்சியை எடுத்துப் போக நினைப்பவர் ஒரு வகை. காட்சிக்கு ஏதும் நேர்ந்துவிடக் கூடாதே என்று பதறுபவர் வேறு வகை. நாம் தீபாராதனையின்போது அர்ச்சகர் கண்ணிலும், முன்னே செல்லும் யானையின் கண்ணிலும் மின்னொளி பாய்ச்சுகிறோம். ஆழ்வார் கண்டால் யாருக்குக் காப்பிடுவாரோ!

இவ்வூரிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 1950 ஏப்ரல் 14 இரவு 8.47 மணிக்கு ரமண மஹரிஷிகள் உடலை உகுத்தபோது, ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் என்னும் பிரான்ஸ் தேசத்து மேதை இங்கே தங்கியிருந்தார். படக்கலையில் அந்த நூற்றாண்டின் பெருந்தலைகளுள் ஒருவர். தாம் தங்கிய வீட்டின் முன் நிற்கையில், பேரொளி வாய்ந்த நக்ஷத்ரமொன்று வாலோடு தெற்கிலிருந்து மெல்ல நகர்ந்து மலையுச்சிக்குப் பின்னே மறைந்ததைக் கண்டதாக அவர் கூறினார். கண்டதும் அவர்கள் பார்த்தது கைக்கடிகாரத்தைத்தான். அந்தச் சாக்ஷியம் கண் கண்டதும் வாய் சொன்னதுமாகவே இன்றளவும் வாழ்கிறது.

கடைசியாக, படம் வேண்டியவர்களுக்கு ஒரு யோசனை. மலைமேல் தீபம் ஒரு நாளோடு அணைவதில்லை. 11 நாட்கள் எரிகிறது. முதல் நாள் மாலை நெரிசலில் கை நடுங்க எடுப்பதைவிட, நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கூட்டம் குறைந்த பின், ஏதேனும் ஒரு மாடவீதி மூலையில் நின்று, பிள்ளைகுட்டிகளோடு நிதானமாக எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஜோதியும் தெளிவாக விழும். முன்னே எவர் கையும் இராது.